தென்பெண்ணையில் மீன்குஞ்சு வாங்கி விட்டால் நாட்டு மீன்கள் பெருகுமா?

கடலூர்ப் பக்கம் ஆற்றில் விலாங்கு, விரால், ஆரால் குறைந்துவிட்டதால் குஞ்சு விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்லா, ரோகு குஞ்சு விட்டால் சந்தைக்கு மீன் கிடைக்கும். நாட்டு மீன் திரும்பாது. முதலில் வழி திறக்க வேண்டும்.

விலாங்கு முட்டையிடுவது கடலில். கண்ணாடி போன்ற அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஆற்றில் ஏறி, பல வருடம் நன்னீரில் வளர்ந்து, மறுபடி கடலுக்கே இறங்கும். நடுவில் செங்குத்தான தடுப்பணை நின்றால் அதோடு முடிந்தது. ஈரமான சொரசொரப்புச் சரிவில் குஞ்சுகள் ஊர்ந்து ஏறிவிடும் என்பதால், அணையின் ஓரத்தில் கல் பாவி, 1 அடி உயரத்துக்கு 20 அடி நீளம் என்று சரிவு கட்டி, எப்போதும் கொஞ்சம் தண்ணீர் வழியவிட்டால் கெண்டைகளும் ஏறலாம். கோடையில் சரிவு காய்ந்தால் செலவு வீண்.

ஐப்பசி, கார்த்திகைப் புதுவெள்ளத்தில் எதிரேறும் மீனை அணைக்கடியில் வலைபோட்டு அள்ளுவது அடுத்த கேடு. சினை மீன்தான் அங்கே கூடும். விராலில் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைத் தாயும் தகப்பனும் காக்கும்; பெரியதைப் பிடித்தால் கூட்டமே மற்ற மீன்களுக்கு இரை.

ஜிலேபிக் கெண்டையை விடவே விடாதீர்கள். வாயிலேயே முட்டையை அடைகாப்பதால் அதன் குஞ்சு அதிகம் பிழைக்கும், இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் மோசம். வளர்க்கவே தடை உண்டு. வீட்டுத் தொட்டியில் பெருத்துப்போன 'டேங்க் கிளீனர்' மீனை ஆற்றில் கொட்டுவது புண்ணியமல்ல: கரையைக் குடைந்து வளை போடும், முள்ளால் வலையைக் கிழிக்கும்.