சர்வர் மரியாதையில்லாமல் பேசினால் அங்கேயே, அவரிடமே சொல்லுங்கள்

"ஓட்டலில் சர்வர் மரியாதைக் குறைவாகப் பேசினால் சண்டை போடுவதா, பேசாமல் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரே நாளில், ஒரே ஓட்டலில் இரண்டையும் செய்தேன். இரண்டுமே தப்பு.

எங்களுக்குக் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். போன வருஷம் அம்மாவைக் கண் பரிசோதனைக்காகப் பாண்டி ஜிப்மருக்கு அழைத்துப் போனேன். 20 கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம், ஆனாலும் சீட்டு வாங்க நேரத்தோடு வரிசையில் நிற்க வேண்டுமே என்று விடியற்காலை நாலரைக்கே கிளம்பிவிட்டோம். எல்லாம் முடிந்து, ஆஸ்பத்திரி இருக்கிற கோரிமேட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து ஒரு ஓட்டலில் உட்கார்ந்தபோது மணி இரண்டாகிவிட்டது. கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் அம்மாவுக்குப் பார்வை மங்கல். இலையில் எது எங்கே இருக்கிறது என்று விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் சாப்பிட்டார். சாம்பார் சோற்றுக்கு அந்தப் பக்கம் ஓடியிருந்தது, அது அவருக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டார்.

சப்ளையர் நிற்கக்கூட இல்லை. வாளியோடு நடந்துகொண்டே, "இலையில இருக்கிறதே தெரியல, அதுக்குள்ள இன்னும் கேக்குறியா, பாத்து சாப்பிடும்மா" என்றார். பக்கத்து டேபிளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன். பசி, அலைச்சல், போகட்டும் என்ற நினைப்பு, எல்லாம்தான். இன்னும் நாலு வாய் சாப்பிட்டிருப்பார், பாதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டார்.

இலை மடிந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. கை கழுவிவிட்டு நேராகக் கல்லாவுக்குப் போய்க் கத்தினேன். கல்லாவில் இருந்தவர் என்ன ஏது என்று கேட்கவே இல்லை, "டேய், இங்க வாடா" என்று அந்த மனிதரைக் கூப்பிட்டு, அத்தனை பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி திட்டி, "சம்பளத்துல பிடிச்சாத்தான் உனக்குப் புத்தி வரும்" என்றார். அந்த சப்ளையருக்கு ஐம்பது வயது இருக்கும். கையில் வாளி அப்படியே இருந்தது, சாம்பார் அவர் கால் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "வாப்பா, போயிடலாம்" என்றார். அம்மாவைப் பேசியதற்கு அம்மாவிடம் யாரும் வருத்தம் சொல்லவில்லை, இன்னொருவர் அவமானப்பட்டதுதான் மிச்சம்.

இதை நான் இவ்வளவு யோசிப்பதற்கு இன்னொரு காரணம், காலேஜ் லீவில் இரண்டு வருஷம் என் மாமா நடத்திய மெஸ்ஸில் நானே பரிமாறியிருக்கிறேன். பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை ஒரு ஆளுக்கு ஆறு டேபிள். உள்ளே மாஸ்டர் கத்துவார், வெளியே பார்சலுக்கு நிற்பவர் கத்துவார், ஆர்டரை மாற்றிச் சொல்லிவிட்டால் அந்தக் காசு யார் தலையில் விழும் என்ற பயம் வேறு. தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத்தையே திருத்தினார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் சப்ளையர் எங்கே உட்காருவது? இதைச் சொல்வது அவர் பேசியதை நியாயப்படுத்த இல்லை. கண் தெரியாமல் தடவிச் சாப்பிடுகிற வயசானவரிடம் அப்படிப் பேச எந்தக் களைப்பும் காரணம் ஆகாது. ஆனால் அவரை நிறுத்தி, தணிந்த குரலில், "அண்ணே, அம்மாவுக்குக் கண்ணுல மருந்து விட்டிருக்கு, பார்வை தெரியல, அப்படிப் பேசாதீங்க" என்று அந்த நிமிஷமே நான் சொல்லியிருந்தால் அவர் காதில் அது ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். முக்கியமாக, அம்மா காதில் ஏறியிருக்கும்.

அதற்குப் பிறகு அப்படித்தான் செய்கிறேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு டிபன் கடையில் ஒரு பையன் தண்ணீர் டம்ளரை டொக்கென்று வைத்ததில் என் மகள் மடியெல்லாம் நனைந்துவிட்டது. "தம்பி, பாப்பா மேல கொட்டிடுச்சு பாருங்க, மெதுவா வைங்க" என்றேன், அவ்வளவுதான். "சாரிண்ணே" என்று துணி எடுத்துவந்து துடைத்தான். எல்லோரும் அப்படி இறங்கி வருவார்கள் என்று சொல்ல மாட்டேன். சொன்ன பிறகும் எகிறினால் வேறு ஆளை அனுப்பச் சொல்லுங்கள், மேனேஜரிடம் என்ன சொன்னார், எப்போது சொன்னார் என்பதை மட்டும் சொல்லுங்கள், "இவனை வேலையை விட்டுத் தூக்கு" என்று மட்டும் கேட்காதீர்கள். பாண்டியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும், இப்போது நிறைய ஓட்டல்களில் ஒடிசா, வங்காளம், வடகிழக்குப் பக்கத்துப் பிள்ளைகள்தான் பரிமாறுகிறார்கள். "வேணுமா", "இல்ல" என்று அவர்கள் வெட்டினாற்போலச் சொல்வது திமிர் இல்லை, தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

பணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டிப்ஸ் உங்கள் இஷ்டம், பிடிக்காவிட்டால் வைக்க வேண்டாம். பாண்டி ஒயிட் டவுன் பக்கம் சில ரெஸ்டாரண்டுகளில் பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் என்று சேர்த்து வந்தால், அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, அது செல்லும் என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். 5 சதவீத ஜிஎஸ்டி வேறு, அது வரி, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு கல்லாவில் சண்டை போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதற்கப்புறம் மூன்று தடவை ஜிப்மர் போய் வந்துவிட்டோம். வேற ஓட்டலுக்குப் போகலாம்மா, நான் பார்த்துக்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். அம்மா மூன்று மணிக்கே எழுந்து புளிசாதம் கிளறி, டப்பாவில் கட்டி எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார்.