18 குறைவா, 45 குறைவா? மொட்டை மாடி வெப்பக் கணக்கு

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் கடைசி மாடி எங்களுடையது. கத்திரி வெயில் நாட்களில் இரவு பதினொரு மணிக்கும் கூரை அனல் கக்குகிறது. மொட்டை மாடியில் வெப்பத்தடுப்பு போட இரண்டு இடத்தில் கொட்டேஷன் வாங்கினோம். வேலை முடிந்தபின் கூரை வழியாக இறங்கும் வெப்பம் என்று இரண்டிலும் ஓர் எண் இருக்கிறது. முதல் கம்பெனி 18 என்று போட்டு, பக்கத்தில் பி.டி.யூ., மணி, சதுர அடி என்கிறது. இரண்டாவது 45 என்று போட்டு, வாட், சதுர மீட்டர் என்கிறது. முதல் கம்பெனிக்காரர், "18 எங்கே, 45 எங்கே, நீங்களே பாருங்கம்மா" என்கிறார். சதுர அடிக்கு 35 ரூபாய் கூடுதலாகவும் கேட்கிறார். பத்தாவது படிக்கும் மகன் 10.76-ஆல் பெருக்கி, 18 என்பது உண்மையில் 194 என்கிறான். யாரை நம்புவது? மொத்தம் 400 சதுர அடிக்குப் போட வேண்டும்.
- வாசகி, வேளச்சேரி

பதில்: கம்பெனிக்காரர் சொன்னதை நம்பாதீர்கள். அவர் வேறு வேறு அளவுகோலில் எழுதிய இரண்டு எண்களை அருகருகே வைத்துக் காட்டியிருக்கிறார். உங்கள் மகன் சரியான வழியில்தான் போயிருக்கிறான், பாதியில் நின்றுவிட்டான்.

பி.டி.யூ. என்பது வெப்பத்தை அளக்கும் பழைய பிரிட்டிஷ் அலகு. ஒரு சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி. அதனால் சதுர அடிக்கு 18 பி.டி.யூ. என்றால் சதுர மீட்டருக்கு 194 பி.டி.யூ. அதுவரை சரி. ஆனால் அந்த 194 இன்னும் பி.டி.யூ.தான், வாட் இல்லை. ஒரு பி.டி.யூ. சுமார் 1055 ஜூல். வாட் என்பது ஒரு நொடிக்கு ஒரு ஜூல். மணிக்கு ஒரு பி.டி.யூ. என்பதை வாட் ஆக்க, 1055-ஐ 3600 நொடியால் வகுக்க வேண்டும், 0.293 வரும். 194-ஐ அதனால் பெருக்கினால் ஏறக்குறைய 57 வாட். இரண்டு படியையும் சேர்த்து ஒரே எண்ணாக நினைவில் வைக்கலாம்: மணிக்கு, சதுர அடிக்கு இத்தனை பி.டி.யூ. என்றிருப்பதை 3.15-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு வாட் கிடைக்கும். கொட்டேஷனை மடித்து அதன் முதுகில் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, போட்டி 18-க்கும் 45-க்கும் இல்லை, 57-க்கும் 45-க்கும். இரண்டாவது கம்பெனிதான் குறைவான வெப்பத்தை உள்ளே விடுகிறது. உங்கள் 400 சதுர அடி என்பது 37 சதுர மீட்டர் சொச்சம். முதல் கம்பெனியின் கூரை வழியே சுமார் 2100 வாட் இறங்கும், இரண்டாவதில் சுமார் 1670. வித்தியாசம் 440 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஏ.சி. பாஷையில் அது கால் டன்னில் பாதி. அதிக வெப்பம் விடுகிறவருக்கு 14,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

ஆனால் இதை மட்டும் வைத்துக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். கூரை வழியே எவ்வளவு வெப்பம் இறங்கும் என்பது மாடித் தரை எவ்வளவு சுடுகிறது, அறை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்ற இரண்டின் வித்தியாசத்தைப் பொறுத்தது. முதல் கம்பெனி 40 டிகிரி செல்சியஸ் வித்தியாசத்துக்கும், இரண்டாவது 30 டிகிரிக்கும் கணக்குப் போட்டிருந்தால் என்ன ஆகும்? 57-ஐ 40-ஆல் வகுத்தால் 1.42. 45-ஐ 30-ஆல் வகுத்தால் 1.5. இப்போது முதல் கம்பெனியே மயிரிழையில் முந்திவிடும்! அதனால் இருவரிடமும், "எத்தனை டிகிரி வித்தியாசத்துக்கு இந்த எண்?" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரை விட்டுவிடுங்கள். வகுத்து வந்த அந்த எண்ணைத்தான் யூ-மதிப்பு என்பார்கள். அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

இங்கே இன்னொரு குழி இருக்கிறது. யூ-மதிப்பையும் யாராவது பி.டி.யூ.வில் கொடுத்தால் 3.15 உதவாது, 5.68-ஆல் பெருக்க வேண்டும். அதில் ஃபாரன்ஹீட் டிகிரியும் சேர்ந்து வருவதுதான் காரணம்; ஒரு செல்சியஸ் டிகிரி என்பது 1.8 ஃபாரன்ஹீட் டிகிரி. தெர்மாகோல் வகைப் பலகைகளின் அட்டையில் இருக்கும் 'ஆர்' எண் யூ-மதிப்புக்கு நேர்மாறு, கூடுதலாக இருந்தால்தான் நல்லது. அமெரிக்கக் கணக்கில் ஆர் 10 என்று பெரிதாக அச்சிட்டிருப்பது மெட்ரிக்கில் 1.76 மட்டுமே. ஒருவர் 10 என்றும் மற்றவர் 1.76 என்றும் ஒரே பலகையை விற்க முடியும்.

இந்தியாவில் அளவுகள் மெட்ரிக் முறையில் இருக்க வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். நம் ஊரில் கிரவுண்ட், சதுர அடி பேச்சு போகவே போகாது, அது பரவாயில்லை. கொட்டேஷனை வாட், சதுர மீட்டரில் எழுதித் தரச் சொல்லிக் கேட்க மட்டும் கூச்சப்படாதீர்கள். மொட்டை மாடி பொதுவிடமாக இருந்தால் அசோசியேஷனின் சம்மதத்தையும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ஒன்றரை டன் ஏ.சி. என்று வாங்கினேன். ஸ்டார் லேபிளில் 4800 வாட் என்றிருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யூ., அதாவது 3517 வாட். 2000 பவுண்டு ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகும்போது இழுக்கும் வெப்பத்திலிருந்து வந்த கணக்கு அது. முழு ஒன்றரை டன் என்றால் 5275 வாட் இருக்க வேண்டும். உங்களுடையது 1.36 டன். லேபிளில் உண்மையான எண் இருப்பதால், அளவை மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது. பில்லில் 'ஒன்றரை டன்' என்று மட்டும் எழுதி, அறையின் அளவைக் கேட்டு அவர்களே இதைத் தேர்ந்து கொடுத்திருந்தால், முதலில் கடையில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லையும் லேபிளின் போட்டோவையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.