மாந்தோப்புக்கு 60 மேக்ரோவா, 100 மேக்ரோவா? லென்ஸ் மேல் எந்த எழுத்தைப் பார்த்து வாங்க வேண்டும்?

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பில் பூ, தத்துப்பூச்சி, சிலந்தி படம் எடுக்க மேக்ரோ லென்ஸ் வாங்க இருக்கிறேன். கேனான் 200டி மார்க் 2, 18-55, 55-250 கையில் உள்ளன. 60 எம்எம் நல்லதா, 100 எம்எம் நல்லதா? கடைக்காரர் அனுப்பிய விலைப்பட்டியலில் லென்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசியில் ஓர் 'ஈ' சேர்த்திருக்கிறார். நிக்கான்காரர்கள் மேக்ரோவை மைக்ரோ என்கிறார்கள். எது சரி?

பதில்: 100 வாங்குங்கள். அதற்கு முன் ஒரு மாதமாவது உங்கள் 55-250 முன்னால் ஒரு நல்ல க்ளோஸ்-அப் லென்ஸை, அதாவது பூதக்கண்ணாடி போன்ற சிறு வில்லையை, மாட்டி எடுத்துப் பாருங்கள். எழுத்துச் சந்தேகத்தையும் இதே பதிலில் தீர்த்துவிடலாம். லென்ஸ் மேல் இருக்கும் சில எழுத்துகள் மாறினால் பணம் வீணாகும். கடைக்காரர் சேர்த்த 'ஈ' அந்த ரகம் இல்லை.

முதலில் மேக்ரோ என்ற சொல்லை நம்பாதீர்கள். பல ஜூம் லென்ஸ்களில் அந்தச் சொல் அச்சாகியிருக்கும், ஆனால் பொருளின் அளவில் கால் பங்குதான் சென்சாரில் விழும். பார்க்க வேண்டியது 1:1 என்ற விகிதம். பூச்சி 10 மில்லிமீட்டர் என்றால் சென்சாரிலும் அதன் பிம்பம் 10 மில்லிமீட்டர் விழ வேண்டும். கடையிலேயே சோதிக்கலாம். பள்ளிக்கூட ஸ்கேலை மேசையில் வைத்து, ஆட்டோ ஃபோகஸை நிறுத்தி, ஃபோகஸ் வளையத்தை மிகக் கிட்டத்துக்குத் திருப்பி, ஸ்கேல் தெளியும் வரை கேமராவை நெருக்குங்கள். உங்கள் சென்சாரின் அகலம் 22.3 மில்லிமீட்டர். படத்தில் ஸ்கேலின் 22 கோடுகள் அடங்கினால் 1:1. 45 அடங்கினால் 1:2. உங்கள் 55-250-யில் இதைச் செய்தால் 77 வரும். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் ஸ்கேல் சொல்வதுதான் கணக்கு.

தத்துப்பூச்சிக்கு இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், அது ஐந்து மில்லிமீட்டர்கூடத் தாண்டாது. 1:1-இல் எடுத்தாலும் படத்தின் அகலத்தில் கால் பங்குக்கும் கீழே. உங்கள் கேமராவில் அகலவாட்டில் 6000 பிக்சல், பூச்சிக்குக் கிடைப்பது சுமார் 1,350. கட் செய்து பகிர இது போதும். 1:2 லென்ஸில் 670தான் கிடைக்கும், கண்ணும் காலும் தெளியாது.

இனி 60-ஆ, 100-ஆ. படத்தின் தரத்தில் இரண்டுமே கூர்மை. வேறுபாடு தூரத்தில் இருக்கிறது. கேனான் ஈஎஃப்-எஸ் 60-இன் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் 20 சென்டிமீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது சென்சாரிலிருந்து அளந்தது. கேமராவின் தடிமனும் லென்ஸின் நீளமும் அதிலேயே போய்விடும், கண்ணாடிக்கும் பூச்சிக்கும் நடுவே மிஞ்சுவது ஏறக்குறைய 9 சென்டிமீட்டர். ஈஎஃப் 100-இல் 14 சென்டிமீட்டர் அளவுக்குக் கிடைக்கும். மாம்பூங்கொத்தில் உட்கார்ந்திருக்கும் தத்துப்பூச்சி, நிழல் பட்டதும் பக்கவாட்டில் நகர்ந்து காம்பின் மறுபக்கம் ஒளியும், இன்னும் நெருங்கினால் தத்தும். அந்த ஐந்து சென்டிமீட்டர்தான் படம் கிடைப்பதையும் கிடைக்காததையும் தீர்மானிக்கிறது. 9 சென்டிமீட்டரில் லென்ஸின் நிழலே பூச்சி மேல் விழும் தொல்லையும் உண்டு. பூ மட்டும், அல்லது ஓசூர் பக்கத்து ரோஜாத் தோட்டம் மட்டும் என்றால் 60 போதும் என்பேன். எடை குறைவு, கை வலிக்காது.

100 என்று தேடும்போதுதான் எழுத்துகள் விளையாடும். ஈஎஃப் 100 மேக்ரோ மூன்று வகை. 1990-இல் வந்ததில் யூஎஸ்எம் (ஃபோகஸ் மோட்டார் வகையின் பெயர்) என்ற எழுத்துகள் இருக்காது. ஃபோகஸ் செய்யச் செய்ய அதன் மூக்கு நீளும், நீண்டால் பூச்சியிடமிருந்து இருக்கும் தூரம் குறையும். 2000-இல் வந்தது யூஎஸ்எம், மூக்கு நீளாது. 2009-இல் வந்தது எல் என்ற உயர்தர வகை, ஐஎஸ் என்ற நடுக்கக் கட்டுப்பாடும் உண்டு. ஃப்ளாஷ் போட்டு எடுப்பதாக இருந்தால், செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் 2000-ஆம் ஆண்டு வகையே போதும் என்பது என் முடிவு. எல் வகையின் நடுக்கக் கட்டுப்பாடு சாதாரணத் தூரத்தில் நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் நேரத்தை இரண்டு மடங்காக்கலாம்) வேலை செய்யும், 1:1-இல் இரண்டு ஸ்டாப்புக்கு இறங்கிவிடும். பூச்சியின் அசைவையும் காற்றில் கொத்து ஆடுவதையும் அது நிறுத்தாது. மிரர்லெஸ் கேமராக்களுக்கான ஆர்எஃப் 100 என்று ஒன்று பட்டியலில் வந்தால் விட்டுவிடுங்கள், உங்கள் கேமராவில் அது பொருந்தவே பொருந்தாது. ஈஎஃப்-எஸ் என்றால் உங்களுக்குப் பொருந்தும், நாளைக்குப் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேனான் எஸ்எல்ஆர் வாங்கினால் அதில் மாட்ட முடியாது. ஒரே ஒரு 'எஸ்'தான் வித்தியாசம்.

நிக்கான் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் மைக்ரோ-நிக்கோர் என்று போடுவது பிழை இல்லை. 1956-இல் அந்தப் பெயரில் முதல் லென்ஸ் வந்ததே, நெருக்கமான ஜப்பானிய எழுத்துகளை மைக்ரோஃபிலிமில் நகலெடுக்கத்தான். மேக்ரோ என்ற சொல்லைப் பொருளைவிடப் பெரிதாகப் பிம்பம் விழும் படங்களுக்கு மட்டும் வைக்க வேண்டும் என்பது பழைய கண்டிப்பான வழக்கு. அந்த வழக்கில் 1:1 வரை போகும் லென்ஸ் மேக்ரோ ஆகாது. மற்ற கம்பெனிகள் எல்லாம் 1:1-ஐயே மேக்ரோ என்று விற்கின்றன, பேச்சிலும் அதுவே நிலைத்துவிட்டது. ஆகவே நிக்கான் மைக்ரோ என்றாலும் கேனான் மேக்ரோ என்றாலும் பொருள் ஒன்றே. இதில் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்பதைக் கலக்காதீர்கள், அது ஒரு கேமரா, லென்ஸ் முறையின் பெயர்.

கடைசி 'ஈ'. ஆங்கிலத்தில் லென்ஸ் நான்கே எழுத்து: எல், ஈ, என், எஸ். பன்மைக்கு ஈ, எஸ் சேர்ந்து லென்ஸஸ் ஆகும். பன்மையிலிருந்து கடைசி எஸ்ஸை மட்டும் கழற்றினால் ஒருமை வந்துவிடும் என்று எண்ணியும், சென்ஸ், டென்ஸ் போன்ற சொற்கள் 'ஈ'யில் முடிவதைப் பார்த்தும் எழுதுகிறார்கள். நான்கெழுத்து வடிவத்தையே எழுதுங்கள், எங்கும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அது லத்தீனில் மசூர் பருப்பின் பெயர். அந்தச் செடியின் தாவரவியல் பெயர் இன்றைக்கும் லென்ஸ் குலினாரிஸ். உடைக்காத முழு மசூரை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் புடைத்து, விளிம்பு மெலிந்து, அப்படியே ஒரு குவிவில்லை. பருப்பைப் பார்த்துத்தான் கண்ணாடிக்குப் பெயர் வைத்தார்கள். வில்லையின் சக்தியை அளக்கும் டயாப்டர் என்பதை 'ஈஆர்' என்று முடித்தால் அமெரிக்க வழக்கு, 'ஆர்ஈ' என்று முடித்தால் பிரிட்டிஷ் வழக்கு, இரண்டும் சரி. பழைய லென்ஸ் விற்கும் தளங்களில் தேடும்போது பிழையான எழுத்துக்கூட்டலையும் போட்டுத் தேடுங்கள். மேக்ரோவை 'மார்கோ' என்று எழுத்து மாற்றி அடித்த விளம்பரங்களும் உண்டு. சரியாகத் தேடுகிறவர்கள் கண்ணில் அவை படுவதில்லை, அதனால் விலை பேச இடம் இருக்கும்.

இப்போது அந்த ஒரு மாதச் சோதனை. க்ளோஸ்-அப் லென்ஸுக்கு ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற சிறு வில்லை, 8 டயாப்டர். 52 முதல் 67 மில்லிமீட்டர் வரை ஃபில்டர் வாய் உள்ள லென்ஸ்களில் கவ்விக்கொள்ளும். உங்கள் 55-250-இன் வாய் 58, பொருந்தும். இந்த வில்லையின் குவியத் தூரம் 125 மில்லிமீட்டர். ஜூமை 125-இல் வைத்து, ஃபோகஸை முடிவிலியில் விட்டால் 1:1. 250-இல் வைத்தால் 2:1, அதாவது தத்துப்பூச்சி படத்தின் பாதி அகலத்துக்கு வரும். தூரம் எப்போதும் 12 சென்டிமீட்டரை ஒட்டியே நிற்கும். விளிம்பில் கொஞ்சம் மங்கும், பூச்சி நடுவில்தான் இருக்கப்போகிறது என்பதால் பாதகமில்லை. நாளைக்கு 100 வாங்கினாலும் இது வீணாகாது, அதன் மேலும் மாட்டலாம்.

கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்கினால் மின் இணைப்புப் புள்ளிகள் உள்ளதா என்று பாருங்கள். இல்லாத மலிவு ட்யூபில் கேனான் லென்ஸின் அப்பர்ச்சர் என்ற ஒளித் துளை முழுக்கத் திறந்தபடியே நிற்கும், ஒரு மயிரிழை தவிர எதுவும் ஃபோகஸில் இருக்காது.

அந்த மயிரிழையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். 1:1-இல் அப்பர்ச்சரை எஃப் 8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் 0.6 மில்லிமீட்டர். எஃப் 11-இல் 0.9. போதவில்லையே என்று எஃப் 22 வைத்தால் படம் முழுக்கக் கூர்மை இழக்கும். 1:1-இல் லென்ஸ் நடத்தும் உண்மையான எஃப் எண், திரையில் தெரிவதைப்போல் இரண்டு மடங்கு. கேனான் திரை இதைக் காட்டாது. எஃப் 11 என்று தெரிந்தால், சிறு துளையில் ஒளி வளைந்து படத்தை மங்கச் செய்யும் விளிம்பு விளைவில் அது எஃப் 22. ஆகவே எஃப் 8-க்கும் 11-க்கும் நடுவில் நில்லுங்கள். ஆழத்தைக் கூட்ட முடியாது, கோணத்தை மாற்றலாம். பூச்சியின் பக்கவாட்டுக்கு நேர் இணையாகக் கேமராவைப் பிடித்தால் கண்ணிலிருந்து வால் வரை அந்த 0.9 மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். ஆட்டோ ஃபோகஸ் வேண்டாம், முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். ஃபோகஸ் வளையத்தை வேண்டிய விகிதத்தில் நிறுத்திவிட்டு, உடம்பை மெதுவாக முன்னே சாய்த்துக் கண் தெளியும் கணத்தில் அழுத்துங்கள். இடது கையால் காம்பையும் லென்ஸின் முனையையும் சேர்த்துப் பிடித்தால் இரண்டும் ஒன்றாக ஆடும், படம் ஆடாது. ஒரு குச்சியை நட்டு, துணி கிளிப்பால் கொத்தைக் கவ்வி வைப்பதும் பலன் தரும்.

ஒளிக்கு ஃப்ளாஷ் வேண்டும். ஷட்டர் 1/200, எஃப் 11, ஐஎஸ்ஓ 200, ஃப்ளாஷ் மேனுவலில் 1/8-இல் தொடங்கி ஏற்றி இறக்குங்கள். ஃப்ளாஷ் முன்னால் பேக்கிங்குக்கு வரும் வெள்ளை ஃபோம் தாளை வளைத்து, பூச்சிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் கொண்டுவாருங்கள். இறக்கையில் வெள்ளைப் புள்ளியாக வெடிப்பது நிற்கும். ஓர் எச்சரிக்கை: 200டி மார்க் 2-இன் ஃப்ளாஷ் ஷூவில் நடுப் பின் கிடையாது. ஒற்றைப் பின்னை மட்டும் நம்பும் மலிவு மேனுவல் ஃப்ளாஷ் உங்கள் கேமராவில் எரியாது. வாங்கும் முன் மாட்டி, எரிய வைத்துப் பாருங்கள்.

மாம்பூக் காலத்தில் விடியலிலேயே போய்விடுங்கள். குளிரில் பூச்சி மந்தமாக இருக்கும், காற்றும் எழுந்திருக்காது. மருந்து அடித்த தோப்பா என்று கேட்டுவிட்டு நுழையுங்கள். தத்துப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவம் இலையில் பிசுபிசுப்பாகப் படிந்திருக்கும், அதில்தான் கரும்பூசணம் படர்கிறது. லென்ஸ் கண்ணாடியிலும் அது சொட்டும். உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். நீர் நனைத்த லென்ஸ் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத் துடையுங்கள். தோப்பு வேலைக்கு மட்டும் ஒரு சாதா கண்ணாடி ஃபில்டர் போட்டுக்கொள்வது நல்லது. எல் வகைக்கு 67, யூஎஸ்எம் வகைக்கு 58.

செகண்ட் ஹேண்டாக இருந்தால் பெங்களூருவரை போனாலும் பரவாயில்லை, கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்தால் பூஞ்சை சிலந்திவலை மாதிரித் தெரியும், தெரிந்தால் விட்டுவிடுங்கள். இரண்டொரு தூசி பரவாயில்லை. பில் வாங்கும்போது லென்ஸ் என்பதை எப்படி எழுதினார் என்று பார்க்க வேண்டாம். ஈஎஃப், யூஎஸ்எம் ஆகிய எழுத்துகளும், லென்ஸ் மேல் பொறித்த வரிசை எண்ணும் பில்லில் அப்படியே இருக்கின்றனவா என்று ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட்டுப் பாருங்கள்.