பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

மகன் பிளஸ் டூ. எந்நேரமும் கேம். “கம்ப்யூட்டரை விட்டே எழுந்திருக்க மாட்டேங்கிறான், கம்ப்யூட்டர் சயின்ஸ்லயே போட்டுடு” என்கிறார் தாய்மாமா. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்று தருமபுரியிலிருந்து ஓர் அம்மா கேட்கிறார்.

கவலை நியாயம்தான் அம்மா. ஆனால் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள். கேம் ஆடுகிறவனுக்குப் புரோகிராம் எழுதப் பிடிக்கும் என்பது உங்கள் அண்ணன் போடும் கணக்கு. பையன் கணக்கில் தடுமாறுவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்கிறீர்கள்: சித்தி மகள் ஒரு புது கேமில் திணறியபோது, “தப்பு உன்மேல இல்ல, இங்க தாண்டலாம்னு கேம் இன்னும் உனக்குக் காட்டவே இல்ல” என்றானாம். அது லெவல் டிசைனர், அதாவது கேமின் ஒவ்வொரு நிலையையும் வடிவமைக்கிறவர், பேசுகிற பேச்சு.

1985-ல் நிண்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேமின் முதல் லெவலைப் பாருங்கள். எப்படி ஆடுவது என்று திரையில் ஒரு வரி கிடையாது. மாரியோ இடது பக்கம் நிற்கிறான், வலப்பக்கம் காலி. போகும் திசை தெரிந்துவிடுகிறது. முதல் எதிரி மெதுவாக வரும். முட்டினால் உயிர் போகும், ஆனால் தொடங்கிச் சில வினாடிதான் ஆகியிருப்பதால் இழப்பில்லை. கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் வெளிவரும் காளான் வலப்பக்கம் ஓடி, குழாயில் மோதி, நம்மை நோக்கியே திரும்பும். எதிரி என்று பயந்து குதித்தால் தலைக்கு மேலுள்ள கட்டைகள் இடிக்கும், பெரும்பாலும் காளான் மேலேயே விழுவோம். உருவம் பெரிதாகும். காளான் நல்லது என்று யாரும் சொல்லாமலே புரிந்துவிடுகிறது. பிறகு எதிரெதிரே இரண்டு படிக்கட்டுகள், நடுவே தரை, தவறினாலும் சாகமாட்டோம். அடுத்த படிக்கட்டுகளுக்கு நடுவே நிஜக் குழி.

2009-ல் வந்த பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸோம்பீஸ் கேமிலும் இதே பொறுமை. எதிரிகள் வரும் ஐந்து வரிசைப் புல்வெளியில் முதல் லெவலுக்கு ஒரே வரிசை, அடுத்ததற்கு மூன்று.

புதிதாகச் செய்கிறவர்கள் சறுக்குவதும் இங்கேதான். திரை நிறைய விளக்கம் எழுதுவார்கள். ஆடுபவர் படிக்காமல் தட்டிவிட்டுப் போவார். குதிப்பதையும் சுடுவதையும் ஒரே இடத்தில் கற்றுத் தருவார்கள். செத்தால் எதனால் செத்தோம் என்று தெரியாது. குதித்து இறங்க வேண்டிய இடம் திரைக்கு வெளியே இருக்கும்.

பையனுக்கு ஆறு வாரம் கொடுங்கள். கோடாட் என்ற கேம் எஞ்சின் (கேம் உருவாக்கும் மென்பொருள்) முழுக்க இலவசம், சாதாரண லேப்டாப்பே போதும். கொஞ்சம் புரோகிராம் எழுத வேண்டியிருக்கும், ஆனால் பொறியியல் கணக்கு இல்லை. ஒரே லெவல், ஒரு நிமிட ஆட்டம், ஒரே ஒரு புது வித்தை. முதலில் கட்டம் போட்ட நோட்டில் வரையட்டும்: பாத்திரம் நான்கு கட்டம் தாண்டும் என்றால் முதல் பள்ளம் இரண்டு கட்டம், விழுந்தாலும் ஏறிவரலாம், அடுத்தது அதே அகலம், அடியில்லாதது, மூன்றாவதில் பள்ளத்தோடு ஒரு எதிரி. பிறகு அதைப் பார்த்தே இராத ஐந்து பேரிடம் ஆடக் கொடுக்கட்டும். யார் எங்கே நின்று யோசித்தார், எங்கே செத்தார் என்று குறிக்கட்டும். ஒன்றை மட்டும் மாற்றி, வேறு ஐந்து பேர். பழைய ஐவர் ஏற்கெனவே கற்றுக்கொண்டவர்கள், பயன்படமாட்டார்கள். இப்படி மூன்று லெவல், ஒவ்வொன்றிலும் என்ன மாறியது, ஏன் மாறியது என்று இரண்டு பக்கக் குறிப்பு. வேலை கேட்டுப் போகும்போது நிறுவனத்தில் காட்ட வேண்டியது இதைத்தான்.

ஆறு வாரத்தில் ஒரு லெவலும் முடியாவிட்டால் அவன் ஆடப் பிடித்த பையன், அவ்வளவே. அதில் குற்றமில்லை, இந்த வழி மட்டும் வேண்டாம்.

முடித்தால் யூசீட் எழுதட்டும். ஐஐடிகளின் பி.டெஸ் என்ற வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கான நுழைவுத் தேர்வு, பிளஸ் டூவில் எந்தப் பிரிவானாலும் எழுதலாம், வரையவும் தெரிய வேண்டும். இடம் குறைவு. கிடைக்காவிட்டால் பக்கத்து அரசு கலைக் கல்லூரியில் உளவியலோ ஆங்கிலமோ சேர்ந்து, கூடவே லெவல்கள் செய்யட்டும். பட்டம் முடித்தபின் என்ஐடி எனும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைனுக்கென்றே எம்.டெஸ் என்ற முதுநிலைப் படிப்பு இருக்கிறது. லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் கேமிங் டிப்ளமோவுக்கு, கையில் மூன்று லெவல் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

முதல் ஐந்து பேரில் மாமாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேமே ஆடாதவர், அவரைவிட நல்ல சோதனை ஆள் கிடைக்கமாட்டார். அவர் விழுந்து விழுந்து எழும்போது பக்கத்தில் இருக்கும் பையன் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.