ஊறலை அழித்த பிறகும் மலைக் கிராமங்களில் கள்ளச்சாராயம் ஏன் நிற்பதில்லை?

"போலீஸ் வந்து பேரல் பேரலாக ஊறலைக் கொட்டிவிட்டுப் போகிறது, பத்து நாளில் மறுபடி பாக்கெட் கிடைக்கிறது, எல்லாம் மாமூல்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர் பெயர் போடவில்லை. கல்வராயன் மலை அல்லது ஜவ்வாது மலைப் பக்கம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மாமூலே இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. "காக்கிக்கு வக்காலத்தா?" என்று கீழே கேட்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: கைநீட்டாத ஆய்வாளரே வந்தாலும், வெறுமனே ஊறலைக் கொட்டிக்கொண்டிருந்தால் விற்பனை நிற்காது.

ஊறல் இன்னும் சரக்கு ஆகவில்லை. வெல்லம், தண்ணீர், கடுக்காய், வேலம்பட்டை போட்டு 200 லிட்டர் பிளாஸ்டிக் பேரலில் புளிக்க விட்டது, அவ்வளவுதான். "ஆயிரம் லிட்டர் ஊறல் அழிப்பு" என்று பேப்பரில் வந்தால் பெரிதாகத் தெரியும். கணக்குப் பார்த்தால் ஐந்து பேரல். முதலாளிக்குப் போனது கொஞ்சம் வெல்லம். அடுப்பு, பானை, காய்ச்சுகிற ஆள், இறக்குகிற வண்டி, கீழே காத்திருக்கிற வாடிக்கையாளர் எல்லாம் அப்படியே இருக்கும். வழக்கிலும் "கேட்பாரற்றுக் கிடந்த பேரல்கள்" என்றுதான் எழுத முடியும், குற்றவாளி இல்லாத வழக்கு. பேரலையாவது ஒழுங்காக உடைக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. ஒரு ஓட்டை போட்டால் பிளாஸ்டிக்கை உருக்கி அடைத்துவிடுவார்கள். அடிப்பாகத்தைக் கோடாலியால் வெட்டி எடுத்தால்தான் அது திரும்பப் பயன்படாது. ஊறலை ஓடையில் கவிழ்ப்பது அதைவிட மோசம், கீழே ஆடு மாடு குடிக்கிற தண்ணீர் அது.

ஊறலைக் கண்டுபிடித்ததும் முதலில் நுரையைப் பார்க்க வேண்டும். நுரைத்துக்கொண்டிருந்தால் இன்னும் நாளிருக்கிறது. நுரை அடங்கி, மேலே தெளிந்து, புளிப்பு வாடை தூக்கலாக இருந்தால் காய்ச்ச இன்றோ நாளையோ ஆள் வருவான். அந்த நிலையில் கொட்டுவதைவிட ஒதுங்கி உட்கார்ந்திருப்பது மேல். பானையும் நெருப்பும் ஆளும் ஒரே இடத்தில் சிக்கினால்தான் வழக்கு நிற்கும். ஆனால் இரண்டு இரவு காட்டில் உட்கார ஆள் வேண்டும், சாப்பாடு வேண்டும். அதற்குள் மேலிடத்திலிருந்து "இன்றைக்கு எத்தனை லிட்டர்?" என்று போன் வந்துவிடும். லிட்டரை எண்ணிப் பாராட்டுகிற வரைக்கும் கொட்டுவதுதான் நடக்கும்.

இடத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. காய்ச்சும்போது ஆவியைக் குளிரவைக்கத் தொடர்ந்து தண்ணீர் வேண்டும், அதனால் வற்றாத ஓடையையும் சுனையையும் விட்டு அடுப்பு தள்ளிப் போகாது. கறுப்பு ஓஸ் குழாய், பாறை இடுக்கில் சாம்பல், ஆடு மேய்க்கிற தடத்தில் இல்லாத புது ஒற்றையடிப் பாதை, விடியற்காலையில் மரத்துக்கு மேல் நகராமல் நிற்கிற புகை, இவைதான் அடையாளம். கஷ்டம் போய்ச் சேருவதில். ஜீப் முதல் கொண்டை ஊசி வளைவு ஏறும்போதே மேலே போன் போய்விடும். கல்வராயன் மலை கள்ளக்குறிச்சி, சேலம், தர்மபுரி, திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஒரு மாவட்டம் மட்டும் ஏறினால் பேரல் அடுத்த மாவட்டத்துச் சரிவுக்கு நகரும். ஒரே நாளில், ஒரே நேரத்தில், எல்லாப் பக்கமிருந்தும், கடைசி சில கிலோமீட்டர் நடந்து ஏற வேண்டும்.

அதைவிட எளிது போக்குவரத்தைப் பிடிப்பது. சாராயம் லாரி டியூபில் நிரப்பித் தலைச்சுமையாக இறங்கி, அடிவாரத்தில் டூவீலர் ஏறும். இறங்குகிற பாதைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. மேலே ஏறுகிற வெல்லத்தையும் கவனிக்க வேண்டும். கரும்பும் வெல்லமும் சமவெளிச் சரக்கு. சின்ன மலைக் கிராமத்துக்கு மூட்டை மூட்டையாக வெல்லம் எதற்கு என்று வாங்கினவனிடம் கேட்டால் முதலாளி யார் என்று தெரிந்துவிடும். வெல்லம் வைத்திருப்பது குற்றமில்லை, கடுக்காய் மலையில் சட்டப்படி பொறுக்கி விற்கிற பொருள், ஆகவே இவற்றை வைத்து மட்டும் யாரையும் உள்ளே தள்ள முடியாது. துப்புக்கு உதவும், சாட்சிக்கு உதவாது. முதலாளி பெரும்பாலும் மலையில் இருப்பதும் இல்லை. அடுப்பில் அகப்படுபவர் கூலிக்குப் போன மலைவாசி. ஜாகிர்தார்கள் என்ற பரம்பரை நிலக்கிழார்களிடமிருந்து 1976-இல்தான் அரசு கைக்கு வந்தது கல்வராயன் மலை. பட்டாவும் வேலையும் இல்லாத இடத்தில் கூலிக்கு ஆள் கிடைப்பதற்குக் குறைவே இருக்காது.

பிடித்த பிறகு கோட்டை விடுவது காகிதத்தில். தேடுதலையும் கைப்பற்றுதலையும் வீடியோவில் பதிய வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு சொல்கிறது. மலையில் சிக்னல் இல்லை என்பது சாக்கு ஆகாது, பதிவு செய்ய சிக்னல் தேவையில்லை. மாதிரியைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து, அங்கேயே சீல் வைத்து, நீதிமன்றம் வழியாகப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அறிக்கையில் 'அட்ரோபின்' இருந்தால் ஊமத்தை கலந்திருக்கிறது என்று பொருள், வழக்கின் கனமே மாறிவிடும். அடிக்கடி மாட்டுகிறவர் மேல் 1982-ஆம் ஆண்டு 14-ஆவது சட்டம், அதாவது குண்டர் சட்டம் போடுவார்கள். விசாரணையில்லாமல் தடுப்புக் காவலில் வைக்கிற சட்டம், அதிகபட்சம் 12 மாதம். காரணங்களை 5 நாளுக்குள் அவர் கையில் கொடுக்க வேண்டும், அரசு 12 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும். கொடுத்த நகல் படிக்க முடியாமல் மங்கலாக இருந்தது, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் ஆனது என்று உயர் நீதிமன்றத்தில் ரத்தாகும் உத்தரவுகள் ஏராளம். ஜெராக்ஸ் மெஷினுக்கு டோனர் இல்லாததால் ஆள் வெளியே வந்துவிட்டார் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லித் தொலைக்கிறேன். பிடித்த டூவீலர்கள் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடித்து, உள்ளே வேப்பங்கன்று முளைத்து நிற்கும். காலாகாலத்தில் ஏலம் விட்டிருந்தால் அரசுக்குக் காசாவது மிஞ்சியிருக்கும்.

இனி எல்லாரும் குழப்பிக்கொள்கிற விஷயம். "காய்ச்சுகிற பக்குவம் தப்பினால் சாராயம் விஷமாகிவிடும்" என்பார்கள். வெல்ல ஊறலில் ஆளைக் கொல்கிற அளவு மெத்தனால் என்கிற விஷ ஆல்கஹால் உருவாகாது. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் உயிரைக் குடித்தது ஆலைக்குப் போக வேண்டிய மெத்தனால். கருணாபுரம் சம்பவத்தில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊறலும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம், கேனில் வாங்கித் தண்ணீர் கலந்தால் விற்பனைக்குத் தயார். மலைச் சாராயத்துக்குத் தட்டுப்பாடு வரும்போது அந்த இடத்தில் இது நுழைவதற்குத் தடை ஒன்றும் இல்லை. அதனால் மலையில் ரெய்டு நடக்கிற வாரத்தில்தான் கீழே மெத்தனால் இருப்புப் பதிவேடுகளைச் சரிபார்க்க வேண்டும். பலருக்கு இது உறைப்பதில்லை. 2024 மதுவிலக்குச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனையும் 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் உண்டு. தண்டனை கூடியிருக்கிறது, கேன் எங்கிருந்து வந்தது என்று தேடுகிற வேலை அப்படியேதான் இருக்கிறது.

'டாஸ்மாக்கை மூடினால் போதும்' கோஷ்டியோடு நான் மல்லுக்கு நிற்கவில்லை, அது தனிக் கேள்வி.

நீங்கள் செய்யக்கூடியது: உள்ளூர் ஸ்டேஷன் மேல் நம்பிக்கை இல்லை என்றால் மதுவிலக்குப் புகார் எண் 10581-க்குச் சொல்லுங்கள், கட்டணம் இல்லை. "எங்கள் ஊரில் விற்கிறார்கள்" என்றால் யாருக்கும் பயனில்லை. எந்த ஓடை, எந்தப் பாதையிலிருந்து எத்தனை நிமிட நடை, புகை எத்தனை மணிக்கு, இறங்குகிற வண்டி எண் என்ன, இவற்றைச் சொல்லுங்கள். நீங்களே கூட்டம் சேர்த்துக்கொண்டு பேரல் உடைக்கப் போகாதீர்கள், அடிதடி வழக்கு உங்கள் மேல் வரும்.

குடித்த யாருக்காவது கண் மங்கினாலோ, வயிறு வலித்து வாந்தி எடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ மோர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். மெத்தனால் வேலையைக் காட்ட 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம், ஆகவே கூடக் குடித்தவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள். டயாலிசிஸ் வசதி உள்ள இடமா என்று 108-இல் ஏறும்போதே கேளுங்கள். மிச்சமிருக்கிற பாக்கெட்டைப் பயந்துபோய்க் கொட்டிவிடாமல் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் கொடுங்கள்.