கேதார்காந்தா பனிக்கு ஓடும் ஷூ போதுமா?

கோவை வாசகர் ஒருவரின் கேள்வி: "டிசம்பர் கடைசியில் நண்பர்களோடு உத்தராகண்டில் கேதார்காந்தா ஏறப் போகிறோம். வெள்ளியங்கிரி ஏறியிருக்கிறேன், பனியில் நடந்ததில்லை. பனி எவ்வளவு இருக்கும்? ஓடும்போது போடுகிற ஷூ போதுமா?"

வெள்ளியங்கிரி ஏறிய காலுக்குத் தெம்பு இருக்கும். ஷூவை மட்டும் மாற்றிவிடுங்கள். ஓடும் ஷூவின் மேல்துணி வலைபோல இருப்பதால் ஈரம் உடனே உள்ளே இறங்கும். நனைந்த விரல்கள் மரத்துப்போக அதிக நேரம் ஆகாது. கணுக்காலை மூடும், தண்ணீர் புகாத ட்ரெக்கிங் ஷூ வாங்கி, இப்போதிருந்தே போட்டு நடந்து பழக்குங்கள்.

பனியின் அளவை இப்போதே சொல்ல முடியாது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்ற புயல் மண்டலங்கள்தான் அங்கே குளிர்காலப் பனியைக் கொண்டுவருகின்றன. அவை தாமதித்தால் டிசம்பர் கடைசியில்கூடப் பாதை பாதி மண்ணாகக் கிடக்கும். முழங்கால் வரை பனி வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரியில் வாய்ப்பு அதிகம்.

ஆனால் பனி குறைவு என்றால் பாதை எளிது என்று நினைத்துவிடாதீர்கள். புதிதாக விழுந்த பனி கால் புதைந்து களைப்பாக்கும், அவ்வளவுதான். விழுந்தாலும் பெரிதாக அடிபடாது. நூறு பேர் மிதித்து, பகலில் லேசாக உருகி, ராத்திரி மறுபடி உறைந்த பனிதான் ஆளைச் சாய்க்கும். கண்ணாடிமாதிரி இருக்கும் அதில் எவ்வளவு நல்ல ஷூவும் வழுக்கும். அதற்குத்தான் மைக்ரோஸ்பைக்ஸ். ரப்பர் பட்டையில் இரும்புப் பற்கள் கோத்தது, ஷூ மேல் மாட்டிக்கொள்ளலாம். அடிவார ஊரான சாங்க்ரியில் வாடகைக்கே கிடைக்கும். பனி ஷூவுக்குள் விழாமலிருக்க, ஷூ மேலிருந்து கெண்டைக்கால் வரை மூடும் உறையான கெய்ட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுமார் 12,500 அடி உச்சிக்கு விடியும் முன்பே கிளம்பச் சொல்வார்கள். சூரிய உதயம் பார்க்க மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதிகாலையில் பனி இறுகியிருப்பதால் ஸ்பைக்ஸ் நன்றாகப் பிடிக்கும். வெயில் ஏறியபின் அதே சரிவு சகதிமாதிரி இளகிவிடும், மதியத்துக்கு மேல் வானிலையும் கெடலாம். எனவே கைடு திரும்பச் சொல்லும் நேரத்தில் பேரம் பேசாதீர்கள். இறங்கும்போது இளகிய பனியில் குதிகாலை முதலில் அழுத்தி ஊன்றுங்கள். பயந்து பின்னால் சாய்ந்தால்தான் வழுக்கும்.

பருத்தி பனியன், ஜீன்ஸ் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். வியர்வையில் நனைந்தால் அந்தக் குளிரில் காயாது. கறுப்புக் கண்ணாடி கட்டாயம், புதுப் பனி புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அடிக்கும். ராத்திரி தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். ஐஸ் மேற்பக்கம்தான் முதலில் கட்டும், மூடி அடைபடாது. போன் ஸ்லீப்பிங் பேக்குக்குள் இருந்தால் சார்ஜ் சீக்கிரம் இறங்காது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: 8,000 அடிக்கு மேல் தலைவலியோடு குமட்டலும் வந்தால் குளிர் என்று ஒதுக்காமல் கைடிடம் சொல்லுங்கள், உயரம் ஒத்துக்கொள்ளாததால் வரும் மலை நோயாக இருக்கலாம். அதற்குமேல் ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் கூடிக்கொண்டே போனால், அல்லது நடை தள்ளாடினால், ராத்திரி என்றாலும் துணையோடு கீழே இறங்கிவிட வேண்டும்.