திருவொற்றியூரில் 3 கிலோவாட் சோலார்: உள்ளூர் நிறுவனமா, தேசிய நிறுவனமா?

உங்கள் வீட்டு மாடியில் சோலார் அமைக்க உள்ளூர் நிறுவனமும் தேசிய நிறுவனமும் தந்த இரண்டு விலை மதிப்பீடுகளிலும் பேனலும் இன்வெர்ட்டரும் ஒன்றேயென்று நீங்கள் எழுதியிருப்பதால், குறைந்த விலை சொன்ன உள்ளூர் நிறுவனத்தையே தேர்ந்தெடுக்கலாம். பேனலுக்கான 25 ஆண்டு உத்தரவாதத்தைத் தருவது தயாரிப்பு நிறுவனம்தான். தேசிய நிறுவனங்களும் பொருத்தும் வேலையைப் பல நேரங்களில் உள்ளூர் ஒப்பந்தக்காரரிடமே விடுகின்றன.

விலை வித்தியாசம் பெரும்பாலும் பேனலைத் தாங்கும் சட்டத்தில் இருக்கும். கடற்காற்று அடிக்கும் உங்கள் பகுதியில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹாட் டிப் கால்வனைஸ் செய்த (உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சு ஏற்றிய) இரும்பா, அந்தப் பூச்சின் கனம் எவ்வளவு, போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஃகா என்று இருவரிடமும் எழுத்தில் கேளுங்கள்.

அத்துடன், காசிமேடு, எண்ணூர் பக்கம் ஒவ்வொரு நிறுவனமும் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் சோலார் அமைத்த ஒரு மாடியை நேரில் பாருங்கள். வெல்டு வைத்த இடத்திலும், சட்டத்தின் கால் தளத்தில் பதியும் இடத்திலும் பழுப்புக் கறை வழிந்திருந்தால், எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் அந்த நிறுவனம் வேண்டாம்.

ஒன்றை மட்டும் முன்பணம் கொடுக்கும் முன்பே உறுதி செய்யுங்கள்: வீட்டு மாடி சோலாருக்கான ஒன்றிய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தின் 78,000 ரூபாய் மானியம், அத்திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவு பெற்ற நிறுவனம், இந்தியாவில் தயாரான சோலார் செல்கள் கொண்ட பேனலைப் பொருத்தினால் மட்டுமே கிடைக்கும்.